பெயர் வரும் முன்னே, மைதானம் வரும் பின்னே: கழகமா மாகாணமா என்ற பழைய கேள்வி

வெள்ளவத்தையிலிருந்து ஹெவ்லொக் வீதி வழியாக வடக்கே நடந்தால், அவசரமில்லாத நடையிலும் ஹெவ்லொக் பூங்கா வந்துவிடும். அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே கோல்ட்ஸ் கிரிக்கெட் கழகம், பேர்கர் சமூகத்தவரின் பி.ஆர்.சி., றக்பிக்குப் பேர்போன ஹெவ்லொக் விளையாட்டுக் கழகம் என்று மூன்று கழகங்கள். இன்னும் சற்றுத் தள்ளி மெயிட்லண்ட் பிளேஸ் பக்கம் போனால் எஸ்.எஸ்.சி., என்.சி.சி., சி.சி.சி. ஆகிய மூன்றின் மைதானங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. பொறளையைத் தாண்டி வனாத்தமுல்லையில் தமிழ் யூனியன். கொம்பனித் தெருவில் சோனகர் விளையாட்டுக் கழகம். நல்ல கால் உள்ளவர் ஒருவர் காலையில் புறப்பட்டால், இலங்கைக் கிரிக்கெட்டின் நூற்றைம்பது வருடச் சரித்திரத்தை மாலைத் தேநீருக்கு முன்பு சுற்றி முடித்துவிடலாம்.

அதே வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், வேறொரு வகைக் கிரிக்கெட் பயணம் முடிகிறது. யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ பாடசாலை அணிக்குப் பந்து வீசி, மாவட்ட மட்டத்தில் பெயர் எடுத்த ஒரு பையன் மேலே போக வேண்டுமென்றால் கொழும்புக்கு வரவேண்டும். கொழும்பில் அவன் முதலில் தேடுவது பயிற்றுநரை அல்ல. தங்குவதற்கு ஓர் அறையை. உறவினர் வீட்டு மாடி, நாலு பேர் பங்கு போடும் அனெக்ஸ், சாப்பாட்டோடு கூடிய லொட்ஜ் என்று ஏதாவது ஒன்று. அது கிடைக்காவிட்டால், எவ்வளவு திறமை இருந்தாலும் அவனுடைய கிரிக்கெட் ஊரிலேயே நின்றுவிடும்.

‘எங்கள் கழகங்கள் எந்தத் தொடரில் ஆட வேண்டும்?’ என்ற கேள்வியை இந்த அறையிலிருந்து கேட்டுப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. இப்போது அதை மிகச் சூடாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வேல்ஸ் நாட்டு றக்பி ரசிகர்கள். அவர்களுடைய அனுபவம் நம்முடையதைப் புரிந்துகொள்ள உதவும் என்பதால் முதலில் அங்கே போய் வருவோம்.

வேல்ஸ் கற்ற பாடம்

றக்பி 1995 இல் உலகளவில் தொழின்முறை ஆட்டமானது. அதுவரை வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கழகம், ஒவ்வொரு கழகத்துக்கும் நூறு வருடப் பெருமை. சம்பளம் கொடுக்கும் காலம் வந்தபோது அத்தனை கழகங்களையும் தாங்கும் பணம் அந்தச் சின்ன நாட்டில் இல்லை. 1998–99 பருவத்தில் கார்டிஃப், சுவான்சி என்ற இரண்டு பெரிய கழகங்கள் தங்கள் ஒன்றியத்தோடு முரண்பட்டு உள்நாட்டுத் தொடரை விட்டு வெளியேறி, எல்லைக்கு அப்பால் உள்ள இங்கிலாந்துக் கழகங்களோடு நட்புறவு ஆட்டங்கள் ஆடின. ஒரு பருவத்துக்குமேல் அது நீடிக்கவில்லை.

2001 இல் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து அணிகளோடு சேர்ந்து கெல்டிக் லீக் உருவானது. 2003 இல் வேல்ஸ் ஒன்றியம் கத்தியை எடுத்தது. பழைய கழகங்களுக்கு மேலே ஐந்து பிராந்திய அணிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான கெல்டிக் வொரியர்ஸ், பொன்டிப்ரித், பிரிட்ஜெண்ட் ஆகிய இரண்டு ஊர்களின் இணைப்பு. ஒரே பருவத்தில், 2004 இல், அது கலைக்கப்பட்டது. றக்பி மூச்சாக இருந்த பள்ளத்தாக்குகளுக்கு மேல்மட்டத்தில் தமதென்று சொல்ல அணி இல்லாமல் போனது. மிஞ்சிய நான்கும், கார்டிஃப், ஒஸ்பிறேஸ், ஸ்கார்லெட்ஸ், டிராகன்ஸ், இன்று யுனைட்டட் றக்பி சாம்பியன்ஷிப் என்ற தொடரில் ஆடுகின்றன. 2021 இல் அந்தப் பெயரைப் பெற்ற அத்தொடரில் 16 அணிகள். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, இத்தாலி தவிரத் தென்னாபிரிக்காவிலிருந்தும் நான்கு அணிகள்.

இங்கேதான் ரசிகரின் மனக்குறை. பிறிட்டோரியாவில் நடக்கும் ஆட்டத்துக்கு நியூபோர்ட் ஊரிலிருந்து யார் போவார்? செவர்ன் ஆற்றுக்கு அக்கரையில் பிறிஸ்டல், பாத், குளோஸ்டர் இருக்கின்றன. ரயிலில் போய், கத்திவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆகவே ‘இங்கிலாந்து லீக்குக்கு மாறுவோம்’ என்ற குரல் ஓயாமல் எழுகிறது. மறுபக்கத்தில் இங்கிலாந்தின் நிலையும் சொர்க்கமல்ல. வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆகிய இரண்டும் 2022 இலும், லண்டன் ஐரிஷ் 2023 இலும் கடனில் மூழ்கித் தொடரைவிட்டு விழுந்தன. 2025 ஏப்ரலில் கார்டிஃப் அணியே நிதி நிர்வாகத்துக்குள் போக, ஒன்றியம் அதைத் தன் கையில் எடுத்தது. அவ்வருடம் ஒக்டோபரில் நான்கு அணிகளை மூன்றாகக் குறைக்கும் திட்டத்தையும் ஒன்றியம் அறிவித்தது.

இருபது வருடத்தில் வேல்ஸ் தொடரை மாற்றியது, அணிகளை மாற்றியது, பெயர்களை மாற்றியது. ஒன்றை மட்டும் அதனால் புதிதாக உண்டாக்க முடியவில்லை: தன் ஊர் என்று மனிதர் உணரும் அந்தப் பிடிப்பை. இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்புவோம்.

இனத்துக்கு ஒரு கழகம்

கொழும்பின் கழகங்கள் ஊர் அடிப்படையில் பிறந்தவையல்ல. இன அடிப்படையில் பிறந்தவை. 1863 இல் தொடங்கிய கொழும்பு கிரிக்கெட் கழகம் வெள்ளைக்காரத் துரைமாருடையது. மலாயர்கள் 1872 இலும், பேர்கர் சமூகத்தவர் 1896 இலும், சோனகர் 1908 இலும் தத்தமக்கென்று கழகம் அமைத்தார்கள். 1899 ஆம் ஆண்டு மட்டும் இரட்டைப் பிரசவம்: சிங்கள விளையாட்டுக் கழகமான எஸ்.எஸ்.சி.யும் தமிழ் யூனியன் கிரிக்கெட், மெய்வல்லுநர் கழகமும் ஒரே வருடத்தில் பிறந்தன. இந்த அடையாள வரிசைக்குள் அடங்காதவர்கள் 1888 இல் தொடங்கிய கழகத்துக்கு ‘நொண்டிஸ்கிறிப்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்ன வகை என்று சொல்ல முடியாதவர்கள் என்பது அதன் பொருள். அந்தப் பெயரில் ஒரு சிரிப்பும் உண்டு, ஒரு கண்டனமும் உண்டு.

காலனிய நிர்வாகம் மக்களை இனம் இனமாக எண்ணியது. சட்ட நிரூபண சபையில் இனவாரியாக ஆசனம் கொடுத்தது. விளையாட்டு அதே வாய்க்காலில் ஓடியதில் வியப்பில்லை. ஆனால் இந்த அமைப்புக்கு ஒரு விளைவு இருந்தது. கழகம் என்பது நிலப்பரப்பின் பிரதிநிதி அல்ல என்றாகிவிட்டது. தமிழ் யூனியன் தமிழரின் கழகம். யாழ்ப்பாணத்தின் கழகம் அல்ல. கொழும்பில் உத்தியோகம் பார்த்த, சட்டம் படித்த, வைத்தியம் செய்த தமிழரின் கழகம் அது. யாழ்ப்பாணத்துக்கு அதன் பாடசாலைகள் இருந்தன. மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904 இல் தொடங்கிய ‘வடக்கின் சமர்’ இன்றும் ஊரையே மைதானத்துக்குக் கூட்டிவருகிறது. பாடசாலை முடிந்த பிறகு ஆடுவதற்கு யாழ்ப்பாணத்தில் உள்ளூர்க் கழகங்கள் உண்டு. அவற்றிலிருந்து தேசிய மட்டத்துக்கு ஏறும் படி மட்டும் கொழும்பில்தான் இருந்தது.

தமிழ் யூனியனின் பொற்காலத்தை ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. சிவில் சேவை அதிகாரியான பாக்கியசோதி சரவணமுத்துவின் முயற்சியால் வனாத்தமுல்லையில் எழுந்த கொழும்பு ஓவல் மைதானம் 1945 இல் திறக்கப்பட்டது. அவருடைய சகோதரர் வைத்தியர் ரத்தினசோதி சரவணமுத்து 1937 இல் கொழும்பின் முதல் மேயரானவர். இந்தத் தொடர்புகளை நினைவில் வைத்தால்தான், தலைநகரில் சொந்த மைதானம் கட்டும் வலு ஒரு சமூகக் கழகத்துக்கு எப்படி வந்தது என்பது விளங்கும். பின்னாளில் ஓவலுக்குப் பி. சரவணமுத்து விளையாட்டரங்கு என்று பெயரானது. நாட்டின் முதன்மைக் கழகச் சுற்றுப்போட்டியும் 1950 களிலிருந்து நெடுங்காலம் ‘சரா கிண்ணம்’ என்றே அழைக்கப்பட்டது.

அந்த மைதானத்தில் நடந்தவற்றைத் தொகுத்தாலே ஒரு நாட்டுச் சரித்திரம். 1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போகும் வழியில் டொன் பிறட்மனின் அணி இங்கே ஒரு நாள் ஆடியது. ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யார் நீளத்தில் அமைக்கப்பட்டிருந்தது ஆட்டத்தின் நடுவே தெரியவந்த கதையை மூத்த அங்கத்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியனின் மகாதேவ சதாசிவம். அதற்கு முந்திய வருடம் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். இலங்கை தன் முதல் டெஸ்டை 1982 பெப்ரவரி 17 ஆம் திகதி இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியதும் இதே மண்ணில். முதல் டெஸ்ட் வெற்றியை 1985 செப்டெம்பரில் இந்தியாவுக்கு எதிராகப் பெற்றதும் இதே மண்ணில்.

இந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில் 1983 ஜூலை இருக்கிறது. வெள்ளவத்தையில் வசித்த எவருக்கும் அந்த மாதத்தை விளக்கத் தேவையில்லை. அதன்பின் கொழும்புத் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் பெரும்பகுதி ரொறன்றோவுக்கும் லண்டனுக்கும் மெல்பேணுக்கும் போய்விட்டது. தமிழ் யூனியனுக்கு ஆட்டக்காரரையும் சந்தாவையும் கொடுத்துவந்த வீடுகள் வெறுமையாயின. ஆயினும் கழகம் மூடவில்லை. எல்லாச் சமூகத்தவரும் ஆடும் கழகமாக மாறி நின்றது. கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் இதன் ஆட்டக்காரர். ரங்கன ஹேரத், உபுல் சந்தன, சுரங்க லக்மால், ஜீவன் மெண்டிஸ் ஆகியோரும் இதன் சீருடை அணிந்தவர்கள்தான். இனத்தின் பெயரால் பிறந்த கழகம் இனத்தைக் கடந்தது ஒரு நல்ல செய்தி. ஆனால் ‘இது யாருடைய கழகம்?’ என்று கேட்டால் விடை சொல்வது முன்னைவிடச் சிரமமாயிற்று. எஸ்.எஸ்.சி.க்கும் சோனகர் கழகத்துக்கும் இதே நிலைதான். பெயர்ப்பலகையில் இனம் இருக்கிறது; உள்ளே அது இல்லை. அதன் இடத்தில் ஓர் ஊரும் வந்து அமரவில்லை.

கழக முறைமீதான குற்றச்சாட்டு

1988–89 பருவத்தில் கழகச் சுற்றுப்போட்டிக்கு முதல்தர அந்தஸ்து கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை இலங்கை டெஸ்ட் ஆட்டக்காரர் வளரும் பிரதான மேடை அதுவே. அதன்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகளை மூன்றாகச் சுருக்கலாம்.

முதலாவது, எண்ணிக்கை. அவுஸ்திரேலியாவின் ஷெஃபீல்ட் ஷீல்ட் 1892 இல் தொடங்கியது. இன்றும் அங்கே முதல்தரத்தில் ஆறு மாநில அணிகள்தான். ஐம்பது இலட்சம் சனத்தொகை கொண்ட நியூசிலாந்திலும் ஆறு. இரண்டு கோடிக்குச் சற்று மேற்பட்ட இலங்கையில் முதல்தர அணிகளின் எண்ணிக்கை கடந்த பத்தாண்டில் இருபதைத் தாண்டியது. ஓர் அணிக்குப் பதினொருவர் என்றால் ஒரே வார இறுதியில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ‘முதல்தர’ ஆட்டக்காரர். அந்தச் சொல் அங்கே பொருளிழக்கிறது. பலவீனமான பந்துவீச்சுக்கு எதிராக இரட்டைச் சதம் அடித்தவர் ஒரு மாதம் கழித்து வெளிநாட்டு வேகப்பந்துக்கு முன் தடுமாறுவது நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி.

இரண்டாவது, புவியியல். கழகங்கள் கொழும்பிலும் அதைச் சூழ்ந்த மேற்குக் கரையிலும் குவிந்திருக்கின்றன. குருநாகல், காலி, சிலாபம், பாணந்துறை ஆகிய பெயர்கள் பட்டியலில் உண்டு. இராணுவம், கடற்படை, துறைமுக அதிகாரசபை போன்ற நிறுவன அணிகளும் உண்டு. வடக்கிலிருந்து ஒரு கழகமும் அந்தப் பட்டியலுக்கு ஏறியதில்லை. கால் நூற்றாண்டு யுத்தமும் மூடிக்கிடந்த ஏ9 வீதியும் அதற்குப் பெரிய காரணங்கள். 2009 க்குப் பிறகும் நிலைமை மாறாததற்கு யுத்தத்தை மட்டும் சாட்ட முடியாது.

மூன்றாவது, வாக்கு. இதுதான் முடிச்சு. இலங்கைக் கிரிக்கெட் சபையின் நிர்வாகிகளைத் தெரிவுசெய்யும் வாக்குகள் கழகங்களின் கையிலும் மாவட்ட, மாகாணச் சங்கங்களின் கையிலும் இருந்தன. அவை ஒரு கட்டத்தில் 140 க்கு மேல். தெரிவுசெய்யப்படுகிறவர் தன்னைத் தெரிவுசெய்த கழகத்தின் அந்தஸ்தைக் குறைப்பாரா? அணிகளின் எண்ணிக்கை கூடியபடியே போனதன் காரணம் ஆடுகளத்தில் இல்லை, வாக்குப் பெட்டியில் இருக்கிறது என்று விமர்சகர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். மஹேல ஜயவர்தன போன்றோர் சில மாகாண அணிகளை மையமாகக் கொண்ட தொழின்முறைக் கட்டமைப்பை முன்வைத்தபோதும் அது எழுத்திலேயே நின்றது. 2023 நவம்பரில் நாடாளுமன்றமே சபை நிர்வாகம் விலக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாள் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி இறுதியில் அந்தத் தடை நீங்கியது. நீதியரசர் கே. டி. சித்ரசிறி தலைமையிலான குழு புதிய யாப்பொன்றைப் பரிந்துரைத்தது. ‘கழகமா, மாகாணமா?’ என்று நாம் விளையாட்டுப் பக்கத்தில் விவாதிக்கும் விடயம் உண்மையில் யாப்புப் பிரச்சினை என்பதை அந்த மூன்று மாதங்கள் காட்டிக்கொடுத்தன.

மாகாணத்தின் பெயரால்

ஆகவே மாகாண முறைக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். மாகாணத் தொடர்கள் நமக்குப் புதியவையல்ல. 1990 இலிருந்து விட்டுவிட்டு நடந்திருக்கின்றன. பஸ்னாஹிர, கந்துரட்ட, ருஹுண, வயம்ப என்ற சிங்களப் பெயர்களில் அணிகள் வந்தன, போயின. அவற்றை நிரப்பியவர்கள் அந்தந்த மாகாணத்துப் பையன்கள் அல்லர். கழகங்களில் ஆடும் சிறந்த எழுபது எண்பது பேரைச் சபை பங்கிட்டுக் கொடுத்தது. கொழும்பில் வசித்துக்கொண்டு ஊவாவுக்கு ஆடலாம். அடுத்த வருடம் வயம்பவுக்கு ஆடலாம்.

வடக்கின் கதை இதைவிடச் சுவையானது, கசப்பானதும்கூட. 2012 இல் நடந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கில் வட மாகாணத்துக்கென்று ஓர் அணி இருந்தது. அதன் பெயர் ‘உத்துர ருத்ராஸ்’. உத்துர என்றால் சிங்களத்தில் வடக்கு. தமிழர் செறிந்து வாழும் மாகாணத்தின் அணிக்கு அந்த மக்களின் மொழியில் பெயர் வைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஆட்டங்கள் பல்லேகலையிலும் கொழும்பிலும் நடந்தன. அந்த வருடம் கிண்ணத்தை வென்றது ஊவா நெக்ஸ்ட். வென்ற அணியின் மாகாணத்திலும் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அடுத்த வருடம் தொடரே இல்லை.

2020 இல் லங்கா பிரீமியர் லீக் வந்தது. இம்முறை பெயர் சற்று நெருங்கியது: ஜஃப்னா ஸ்டாலியன்ஸ். முதல் கிண்ணமே அவர்களுக்கு. பின்னர் ஜஃப்னா கிங்ஸ் என்ற பெயரில் 2021, 2022, 2024 ஆகிய வருடங்களிலும் அந்த அணியே வென்றது. ஐந்து தொடரில் நான்கு கிண்ணம்! புலம்பெயர் தமிழர் வீடுகளில் இரவு விழித்துப் பார்த்தார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவனான விஜயகாந்த் வியாஸ்காந்த் முதல் தொடரிலேயே 18 வயதில் ஆடினார். 2024 இல் இந்தியன் பிரீமியர் லீக்கில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கு ஆடும்வரை சென்றார். ஒரு கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் சாட்சி.

ஆனால் அந்த நான்கு கிண்ணங்களில் ஒன்றும் யாழ்ப்பாண மண்ணில் வெல்லப்படவில்லை. ஹம்பாந்தோட்டை, பல்லேகலை, தம்புள்ளை, கொழும்பு ஆகிய இடங்களில் ஆடி வென்றவை அவை. 2022 இல் தொடங்கிய நஷனல் சுப்பர் லீக் நான்கு நாள் ஆட்டங்களுக்குக் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகளை அமைத்தது. ஐந்து அணிகள் என்பது சரியான எண்ணிக்கை. போட்டியின் தரம் உயர்ந்ததை ஆட்டக்காரரே ஒத்துக்கொள்வர். ஆனால் யாழ்ப்பாணம் என்ற பெயர் அங்கேயும் சீருடையில் மட்டும்தான். 2016 இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு முதல்தரக் கிரிக்கெட்டுக்கு ஏற்றதல்ல. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தது 2025 செப்டெம்பரில். உத்துர ருத்ராஸ் என்ற பெயர் பிறந்து பதின்மூன்று வருடம் கழித்து.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை பல தடவை கேட்டுவிட்டது. யானையைக் காணவில்லை.

வேல்ஸின் கெல்டிக் வொரியர்ஸ் கதையோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். அங்கே மைதானமும் ரசிகரும் இருந்த பள்ளத்தாக்கிலிருந்து அணியை எடுத்துவிட்டார்கள். இங்கே ரசிகர் இருந்த குடாநாட்டுக்கு மைதானம் இல்லாமல் அணியைக் கொடுத்தார்கள். இரண்டிலும் வரைபடத்தில் கோடு போட்டவர்கள் அந்த மண்ணில் நின்று போடவில்லை.

பாகிஸ்தானும் கண்டியும்

முறையை ஒரே வெட்டில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தான் அண்மைய உதாரணம். அங்கே வங்கிகள், விமான நிறுவனம், எரிவாயு நிறுவனம் போன்ற திணைக்கள அணிகள் முதல்தரக் கிரிக்கெட்டின் முதுகெலும்பாக இருந்தன. ஆட்டக்காரருக்கு அவை மாதச் சம்பளமும் ஓய்வுக்குப் பின் உத்தியோகமும் கொடுத்தன. பிரதமரான இம்ரான் கான் அவுஸ்திரேலிய முறையை விரும்பினார். 2019 இல் திணைக்கள அணிகள் நீக்கப்பட்டு ஆறு மாகாண அணிகள் உருவாயின. போட்டி இறுக்கமானது என்று பலர் பாராட்டினார்கள். மறுபக்கத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர் வேலையிழந்தார்கள். ஆட்சி மாறியது, 2022 டிசம்பரில் பழைய யாப்பு திரும்பியது, திணைக்களங்களும் திரும்பின. ஆறு அணி என்பது நல்ல எண்ணமே. ஏழாவது அணியில் ஆடவேண்டியிருந்தவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு அந்த எண்ணத்தில் விடை இல்லை.

நம் நாட்டிலும் கழகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கழகத்தின் தொடர்பால் ஆட்டக்காரருக்குக் கம்பனி உத்தியோகம் கிடைப்பது, வர்த்தக நிறுவனங்களின் சுற்றுப்போட்டிகளில் ஆடிச் சற்று மேல்வருமானம் தேடுவது எல்லாம் கொழும்பில் பழகிய வழிகள். மைதானத்தைப் பராமரிப்பதும் வலைப்பயிற்சிக்கு இடம் கொடுப்பதும் கழகங்களே. ‘கழகங்களைக் கலைத்துவிடு’ என்பவர்கள் இவற்றை யார் பொறுப்பேற்பார் என்று சொல்வதில்லை.

தொடரை மாற்றாமலே அதிகாரத்தின் திசை மாறியதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு, அதுவும் றக்பியில். இலங்கைக் கழக றக்பி நெடுங்காலம் கொழும்பின் சொத்தாக இருந்தது. ஹெவ்லொக், சி.ஆர்., சி.எச். ஆகிய கழகங்கள் கிண்ணத்தை மாறி மாறி வைத்திருந்தன. 1990 களிலிருந்து கண்டி விளையாட்டுக் கழகம் அந்த ஒழுங்கைக் குலைத்துத் தொடரைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. எவரும் அதற்கென்று புதிய லீக் அமைத்துக் கொடுக்கவில்லை. திரித்துவம், கிங்ஸ்வுட், சென் அந்தனிஸ் போன்ற பாடசாலைகள் பக்கத்தில் இருந்தன. நித்தவெலையில் சொந்த மைதானம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் மலைநாட்டுச் சனம் வந்து நிறைந்தது. பணம் போடுவதற்கு ஊர்ப் பற்றுள்ளவர்கள் இருந்தார்கள். பாடசாலை, மைதானம், சனம், பணம் ஆகிய நான்கும் ஓர் ஊரில் கூடியபோது கொழும்பின் ஏகபோகம் தானாக உடைந்தது. பழைய பணக்காரக் கழகங்களின் ஆட்டக்காரர்கள் கண்டிக்குப் பஸ் ஏறினார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த நான்கில் மூன்று இன்றும் கைவசம் உண்டு. வடக்கின் சமரும், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பத்திரிசியார் கல்லூரிக்கும் இடையிலான பொன் அணிகளின் போரும் பாடசாலையும் சனமும் இருப்பதைக் காட்டுகின்றன. புலம்பெயர்ந்தோர் பணம் லங்கா பிரீமியர் லீக் அணிக்குள் வந்ததும் உண்டு. இல்லாதது மைதானம். அது அமைந்தாலும் அதில் வருடம் முழுவதும் நடக்கும் ஆட்டம்.

வரிசை முறை

ஆகவே கழகமா, மாகாணமா என்ற கேள்விக்கு என் விடை இரண்டுமே. ஆனால் வரிசை முக்கியம். முதல்தர ஆட்டம் ஐந்தாறு பிராந்திய அணிகளுக்குள் அடங்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. கழகச் சுற்றுப்போட்டி அதற்குக் கீழே, உத்தியோகத்தையும் பயிற்சியையும் காக்கும் தளமாக, தொடர வேண்டும். தமிழ் யூனியனும் எஸ்.எஸ்.சி.யும் முதல்தர அந்தஸ்தை இழப்பது மானக்கேடல்ல. அவுஸ்திரேலியாவில் பிறட்மன் ஆடிய சிட்னிக் கழகங்கள் இன்றும் மாநிலத்துக்குக் கீழ்மட்டத்தில்தான் ஆடுகின்றன.

பிராந்திய அணி ஒன்றை அறிவிப்பதற்கு முன், அந்தப் பிராந்தியத்தில் நான்கு நாள் ஆட்டம் நடத்தக்கூடிய ஒரு மைதானம், முழுநேரப் பயிற்றுநர், பாடசாலைகளோடு எழுத்திலான உறவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக வேண்டும். அணியில் இத்தனை பேர் அந்த மண்ணில் பயின்றவர்களாக இருக்கவேண்டும் என்ற வரம்பும் வேண்டும். ஆரம்பத்தில் மூவர் என்றாலும் போதும். வாக்குரிமை அந்தப் பிராந்தியங்களுக்குப் போகாமல் இது எதுவும் நிலைக்காது.

தமிழ் யூனியனுக்கு இங்கே ஒரு தனிப்பங்கு இருக்கிறது. 1899 இல் அது கொழும்பில் உள்ள தமிழருக்காகப் பிறந்தது. இன்று தலைநகரில் உள்ள டெஸ்ட் மைதானம் ஒன்றின் சொந்தக்காரன். ஆடுகளம் அமைப்பது, புல் வளர்ப்பது, மழை வந்தால் மைதானத்தை மூடுவது, நடுவர், புள்ளிப் பதிவாளர்களைப் பயிற்றுவது போன்ற கைவினை அறிவு அங்கே தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறது. மண்டைதீவில் கட்டடத்தை அரசாங்கம் கட்டலாம். இந்த அறிவைக் கட்டடத்தோடு கட்டித் தர முடியாது. வனாத்தமுல்லையிலிருந்து அது வடக்கே போகட்டும். வடக்கிலிருந்து பையன்கள் வனாத்தமுல்லைக்கு வருவது நிற்க வேண்டியதில்லை. வேறு வழியில்லாமல் வருவதுதான் நிற்க வேண்டும். வெள்ளவத்தை அறை அவனுக்குத் தெரிவாக இருக்கட்டும், நுழைவுச் சீட்டாக இருக்கவேண்டாம்.

மண்டைதீவு மைதானம் முடியும் நாளில் பெரும்பாலும் வாணவேடிக்கையோடு ஓர் இருபது ஓவர் ஆட்டம் நடக்கும். நடக்கட்டும். நான் காத்திருப்பது அதற்கு அடுத்த வாரத்துக்கு: தொலைக்காட்சி வண்டிகள் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, பண்ணைக் கடற்காற்றில் தொடங்கும் ஒரு நான்கு நாள் ஆட்டத்துக்கு. யாழ்ப்பாண அணி தன் மண்ணில் முதலில் துடுப்பெடுத்தாடட்டும். எதிரணியாக, நூற்றிருபத்தைந்து வருடம் கழித்து, தமிழ் யூனியன் விருந்தாளியாகப் போய்ப் பந்து வீசட்டும்.